கூவத்தில் கலப்பது யாருடையது?

சென்னையில் பேருந்து கூவம் பாலத்தில் ஏறியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். யாராவது ஒருவர் கரையிலிருக்கும் குடிசைகளைப் பார்த்து, "எல்லாம் இவங்களாலதான்" என்பார். பக்கத்து சீட்டுக்காரரும் தலையாட்டுவார். பேருந்து பாலத்தைத் தாண்டுவதற்குள் வழக்கு விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிடும்.

இந்தத் தீர்ப்பு சரியா? நகர ஆறுகளில் இருக்கும் மலக்கிருமி எங்கிருந்து வருகிறது என்பது பார்ப்பதற்கு ஒரு சுகாதாரக் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. யார் காரணம் என்று முடிவாகிறதோ, அவர்கள்தான் மூட்டை முடிச்சுகளோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்து பதில் சொன்னால் போதாது. கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

எதை அளக்கிறார்கள்?

1885-ல் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து விவரித்தார். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் எஷரிக்கியா கோலி, சுருக்கமாக ஈ.கோலி, அதுதான். மனிதன், மாடு, நாய், பறவை என்று வெப்ப ரத்தம் உள்ள பிராணிகளின் குடலில் இது வாழ்கிறது. பெரும்பாலான ஈ.கோலி வகைகள் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பிறகு ஏன் உலகம் முழுக்க இதைத் தேடித் தேடி எண்ணுகிறார்கள்?

நெருப்பில்லாமல் புகையாது என்பதுதான் காரணம். காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை வைரஸ் என்று ஒவ்வொன்றையும் தண்ணீரில் தனித்தனியாகத் தேடுவது செலவு பிடிக்கும் வேலை. அவை மிகக் குறைவாக இருந்தால் கண்ணில் படாமலும் போகலாம். ஈ.கோலி தென்பட்டால் அந்தத் தண்ணீரில் சமீபத்தில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் மற்ற நோய்க்கிருமிகளும் வந்திருக்கலாம். அதாவது ஈ.கோலி குற்றவாளி இல்லை, சாட்சி.

பரிசோதனையும் எளிமையானதுதான். சத்துக் கரைசல் நிரம்பிய பல சோதனைக் குழாய்களில் ஆற்று நீரை வெவ்வேறு அளவுகளில் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக இருக்கும். 44.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால், மலக் கோலிபார்ம் கிருமிகள் பெருகி வாயுவை வெளியிடும். அந்தக் குமிழி குட்டிக் குழாயில் சிக்கிக்கொள்ளும். எத்தனை குழாய்களில் குமிழி வந்தது என்று எண்ணி, ஓர் அட்டவணையைப் பார்த்து, 100 மில்லியில் இத்தனை கிருமிகள் இருக்கலாம் என்று சொல்வார்கள். அறிக்கைகளில் எம்பிஎன் என்று போடுவது இந்த எண்ணைத்தான்.

குளிக்கத் தக்க நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு, 100 மில்லியில் 500 மலக் கோலிபார்ம். மிஞ்சிப் போனால் 2,500. அதற்கு மேல் கூடாது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தக் குமிழி "மலம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். யாருடையது என்று சொல்லாது.

ஒரு லிட்டரின் வேலை

சுத்திகரிக்காத சாக்கடை நீரில், 100 மில்லிக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை மலக் கோலிபார்ம் இருப்பது சாதாரணம். ஒரு கோடி என்றே எடுத்துக்கொண்டு அதை 500-ஆல் வகுத்தால் 20,000 வருகிறது. அப்படியானால் ஒரே ஒரு லிட்டர் சாக்கடையைக் குளிக்கத் தக்க அளவுக்கு நீர்க்க வைக்க சுமார் 20,000 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 9,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு வந்தும் போதாது.

கூவத்துக்கு அப்படித் தண்ணீர் தர யாரும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊர்ப் பக்கம் தொடங்கும் இந்த ஆற்றில், மழைக்காலம் போனால் மேலிருந்து நல்ல நீர் வருவது அற்பம். நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முகத்துவாரத்தையோ மணல் மூடிக்கொண்டே இருக்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணல் அங்கே தடுக்கப்பட்டு, மெரினா அகன்றுகொண்டே போனது. அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. மேலே வரத்து இல்லை, கீழே போக்கு இல்லை. நடுவில் நகரம் கொடுப்பதுதான் ஆறு.

18-ஆம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். 1960-களின் இறுதியில் கூவத்தைச் சீர்செய்து படகு விடும் திட்டம் போட்டு, கரையில் படகுத்துறைகளும் கட்டினார்கள். படகுச் சவாரி நிலைக்கவில்லை.

எந்த வழியாக வருகிறது?

முதல் வழி மழைநீர் வடிகால். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை 1978-ல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஒன்று மழையை ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றது கழிவை சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காகிதத்தில் இரண்டும் சந்திப்பதே இல்லை. தெருவில் சந்திக்கின்றன. சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டவேண்டும், அலையவேண்டும். வீட்டு வாசலில் வடிகால் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிளம்பர் ஒரு நாளில் குழாயைச் சொருகிவிட்டுப் போய்விடுவார். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் தற்காலிகமாக வடிகாலில் திருப்பிவிடுவதும் உண்டு. தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். அந்த வீட்டில் பளிங்குத் தரையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் இருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் மறைந்துவிடும். மறைந்தது நேராக ஆற்றில் போய்த் தலைகாட்டும்.

இரண்டாவது, பாதாளச் சாக்கடையே. சென்னை சமதளமான ஊர். கழிவு நீர் தானாகச் சரிந்து ஓடிவிடாது. இடையிடையே உந்து நிலையங்களில் மோட்டார் வைத்து இறைத்துத்தான் அனுப்பவேண்டும். மின்சாரம் நின்றாலோ, மோட்டார் பழுதானாலோ, குழாய் வெடித்தாலோ, பின்னால் வருவது நிற்காது. வழிவது பக்கத்திலுள்ள கால்வாய்க்குத்தான் போகும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், மேன்ஹோல் மூடியைத் திறந்து வடிய விடுவது பல இடங்களில் வழக்கம். சாக்கடைக்கென்று போட்ட குழாய் மழையையும் தாங்க முடியாமல் பொங்குகிறது.

மூன்றாவது செப்டிக் டேங்க். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பலவற்றில் அப்போது பாதாளச் சாக்கடையே இல்லை. செப்டிக் டேங்க் என்பது மலத்தை மாயமாக்கும் பெட்டி அல்ல. கட்டியானது கீழே தங்கும், தெளிந்த நீர் வெளியேறும். அந்தத் தெளிந்த நீரிலும் கிருமிகள் ஏராளம். அது உறிஞ்சு குழி வழியாக மண்ணில் வடிகட்டப்பட வேண்டும். இடமில்லாத மனைகளில் உறிஞ்சு குழிக்குப் பதிலாக ஒரு குழாய் வடிகாலுக்குப் போகிறது. அடுக்குமாடிகளில் மழை பெய்யும் இரவாகப் பார்த்து மோட்டார் போட்டுத் தெருவுக்கு இறைத்துவிடுவதும் நடக்கிறது.

டேங்க் நிறைந்தால் லாரி வரும். உறிஞ்சியதை அதற்கென்று உள்ள நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். நிலையம் தூரம், டீசல் செலவு, வரிசையில் நிற்கவேண்டும். இருட்டில் ஏதோ ஒரு கால்வாயோரம் வால்வைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. இதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2022-ல் இந்த லாரிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இப்படி ஒரு லாரி காலியானால், அது ஆற்றில் ஒரு குடும்பம் பல மாதங்கள் சேர்த்ததை ஒரே இரவில் கொட்டியதற்குச் சமம்.

நான்காவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுத்திகரிப்பு நிலையமே ஒரு வழி. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சென்னையின் கழிவு நீர் சுத்தமாகிறது. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு முக்கியமாக அழுக்கைக் குறைப்பதற்கு அமைந்தது, கிருமியைக் கொல்வதற்கு அல்ல. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகள் போனாலும், ஒரு கோடியில் ஒரு லட்சம் மிச்சம் இருக்கும். அளவோ 500. குளோரினோ புற ஊதாக் கதிரோ கடைசியில் சேர்ந்தால்தான் எண்ணிக்கை கீழே வரும். இல்லையென்றால் அந்த நீரை ஆற்றில் விடாமல் வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டும். 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. ஆற்றுக்கும் அது நல்லது, குடிநீருக்கும் நல்லது.

ஐந்தாவது பிராணிகள். தெரு மாடுகள், நகருக்குள் இருக்கும் மாட்டுத் தொழுவங்கள், நாய்கள், பாலத்தடியில் கூடு கட்டும் புறாக்கள். ஒரு மாடு மட்டும் நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்கு மேல் சாணம் போடும். கோடை முழுவதும் தெருவில் காய்ந்தது முதல் மழையில் மொத்தமாக வடிகாலில் இறங்கும்.

ஆறாவது, ஆற்றின் அடிச்சேறு. ஈ.கோலி குடலை விட்டு வந்ததும் செத்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஹவாய்த் தீவுகளில் ஆராய்ந்தபோது, வெப்ப மண்டல மண்ணில் அது தங்கிப் பெருகவும் செய்கிறது என்று தெரியவந்தது. சேற்றில் வெயில் படாது, உணவுக்கும் குறைவில்லை. வெள்ளம் வந்து சேற்றைக் கலக்கினால், அன்று புதிதாக மலம் கலக்காமலே எண்ணிக்கை ஏறும். சென்னை ஹவாய் இல்லைதான், ஆனால் வெயிலும் சூடும் இங்கே குறைந்ததல்ல.

ஏழாவதாகத்தான் கரையோர மக்கள். கழிப்பறை இல்லாமல் கரையில் ஒதுங்குவது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விரிவடைந்த மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். இவர்களுடைய கழிவில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் மேலே சொன்ன வழிகளில் கசிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். அது 3,35,000 பேருடைய கழிவு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றும் அதைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டால், கூவத்தின் பங்கு 1,10,000 பேருக்கு மேல்.

கூவம் சீரமைப்புக்காக இடம் மாற்றவேண்டும் என்று கணக்கெடுக்கப்பட்டவை 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 56,000 பேர். இவர்களில் ஒருவர்கூடப் பொதுக் கழிப்பறைக்குப் போகவில்லை, குழந்தை முதல் கிழவி வரை அத்தனை பேரும் ஆற்றைத்தான் பயன்படுத்தினார்கள் என்று மிகக் கடுமையாக வைத்துக்கொண்டாலும், குழாய் வழியே வருவதில் பாதிதான் வருகிறது. கசிவு ஐந்து பங்குக்கு மேல் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இது அளவெடுத்த புள்ளிவிவரம் அல்ல, அனுமானக் கணக்கு. ஆனால் பாலத்தின் மேலிருந்து சொல்லும் தீர்ப்பை இன்னொரு தடவை யோசிக்க வைக்க இது போதும். கரையில் குந்தியிருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். நான்காவது மாடியில் பொத்தானை அழுத்துகிறவர் தெரிவதில்லை.

கரையோரக் குடும்பங்களில் பலர் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். வெள்ளம் வந்தால் முதலில் முங்குவது அவர்கள் வீடுகள்தான் என்பதால், பாதுகாப்பான வீடு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டு வேலை, மீன் கூடை, ஆட்டோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க, அவர்கள் மட்டும் நகரத்தின் விளிம்புக்குப் போனார்கள். ஆற்றைச் சுத்தம் செய்யத்தான் இது என்று காரணம் சொன்னால், ஆறு சுத்தமாகியிருக்க வேண்டுமே? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் பிஓடி எனப்படும் உயிரியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தக்க நீரில் அது 3-க்கு மேல் போகக்கூடாது. பிஓடி கிருமியின் எண்ணிக்கை அல்ல, நீரில் கலந்த மட்கும் கழிவின் அளவு. தொழிற்சாலைக் கழிவும் அதில் சேரும். ஆனாலும் 345 என்பது ஆற்று நீரின் எண் அல்ல, சாக்கடையின் எண். கரையில் பல இடங்கள் காலியாகியும் நீர் வெளுக்கவில்லை.

யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு சுருக்கு வழி சொன்னார்கள். மலக் கோலிபார்மை மல ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வகுத்தால் 4-க்கு மேல் வந்தால் மனிதன், 0.7-க்குக் கீழே வந்தால் விலங்கு. கேட்க அழகாக இருந்தது. ஆனால் இரண்டு கிருமிகளும் தண்ணீரில் வெவ்வேறு வேகத்தில் சாகின்றன. இரண்டு நாள் கழித்து எடுத்தால் மனிதனே மாடாகிவிடுவான். அந்த வழியைக் கைவிட்டார்கள்.

இப்போது மரபணுவைத் தேடுகிறார்கள். குடலில் வாழும் பாக்டீராய்டஸ் கிருமிகளில் மனிதக் குடலுக்கே உரிய வகைகள் உண்டு. அவற்றைக் காட்டும் எச்எஃப்183 என்ற அடையாளத்தை, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான பிசிஆர் முறையிலேயே தேடலாம். மாட்டுக்கும் நாய்க்கும் பறவைக்கும் தனித்தனி அடையாளங்கள் இருக்கின்றன. 2014-ல் கண்டறியப்பட்ட கிராஸ்ஃபேஜ் என்ற வைரஸும் மனிதக் கழிவுக்கு நல்ல அடையாளம். இன்னும் வேடிக்கையான வழி, செயற்கை இனிப்பான சுக்ரலோஸைத் தேடுவது. அது உடம்பில் பெரும்பாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். மாடும் நாயும் டயட் கோலா குடிப்பதில்லை. குடிசையிலும் அது அன்றாடப் பண்டம் அல்ல!

இதற்கெல்லாம் ஆய்வகம் வேண்டும். காசே செலவில்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. மே மாதம், மழை பெய்து வாரக்கணக்கான ஒரு நாளில், மழைநீர் வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் போய் நின்று பாருங்கள். மழையே இல்லாதபோது மழைநீர் வடிகாலில் ஓடுவது எது? அங்கிருந்து தெருத் தெருவாகப் பின்னோக்கிப் போனால், எந்தக் கட்டடத்தில் ஆரம்பிக்கிறது என்பது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டடத்துக் கழிப்பறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றி, வடிகாலில் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பல நாடுகளில் இது பழைய முறை.

பாரிஸுக்கும் இதே வியாதி

இது ஏழை நாட்டு வியாதி என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஊர். பாரிஸில் சேன் நதியில் குளிக்க 1923-ல் தடை போட்டார்கள். 2024 ஒலிம்பிக் நீச்சலை அதில் நடத்துவதற்காகச் சுமார் 140 கோடி யூரோ செலவு செய்தார்கள். ஆஸ்டெர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து கோடி லிட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டியைக் கட்டினார்கள், மழையில் பொங்கும் சாக்கடையைப் பிடித்து வைக்க. அத்தனை செய்தும், மழை பெய்ததால் ஈ.கோலி ஏறி, ஆண்கள் டிரையத்லான் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது.

அவர்கள் செய்த வேலையில் கவனிக்க வேண்டியது தொட்டி மட்டுமல்ல. மேல்பகுதி ஊர்களில் தவறாக மழைநீர்க் குழாயில் இணைந்திருந்த வீடுகளைத் தேடிப்பிடித்துச் சாக்கடையோடு இணைத்தார்கள். ஆற்றில் நிற்கும் படகு வீடுகளுக்கும் சாக்கடை இணைப்பு கொடுத்தார்கள். படகு வீட்டுக்காரர்களை ஆற்றை விட்டுத் துரத்தவில்லை. குழாய்தான் மாறியது. 2025 ஜூலையில் பொதுமக்களுக்கும் குளிக்க இடம் திறந்தார்கள். இன்றும் பெருமழை பெய்தால் மூடிவிடுகிறார்கள், ஏனென்றால் மழை எல்லாக் கணக்கையும் கலைத்துவிடும்.

என்ன செய்யலாம்?

கூவத்திலும் அடையாற்றிலும் கழிவு நீர் விழும் வாய்களை அதிகாரிகள் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆற்றோரத்தில் வாயை அடைப்பது மட்டும் போதாது. உள்ளே இணைப்பு அப்படியே இருந்தால் கழிவு வேறு இடத்தில் பொங்கும், அதை எடுக்க யாரையாவது குழிக்குள் இறக்கச் சொல்லும் ஆசை வரும். 2013 சட்டம் அதைத் தடை செய்திருந்தும் சாவுகள் நிற்கவில்லை.

வடிகால் வரைபடமும் சாக்கடை வரைபடமும் ஒரே மேஜையில் விரிய வேண்டும். கோடையில் ஓடும் ஒவ்வொரு வடிகாலின் பட்டியலும் அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதோடு வெளியாக வேண்டும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு, தண்ணீர் வசதியோடு சாக்கடையில் இணைந்த கழிப்பறை உடனே வேண்டும். லாரி கொட்டும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும், தூரமாக இருந்தால் எந்த உரிமமும் இருட்டில் உதவாது. இதையெல்லாம் செய்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லையென்றால், மாட்டையும் புறாவையும் சேற்றையும் விசாரிக்கலாம்.

புது வீடு வாங்கப் போகிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்கள், பட்டா பார்க்கிறார்கள், தண்ணீர் உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். கழிப்பறைக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கட்டியவரிடம் அந்தக் கேள்வியையும் கேட்டு, மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம்.